பேய்களுக்கு ஓர் ஆள் குறைவு

“தூக்கலை மேஸ்திரி, உருட்டினோம்” என்றான் மலை.

“பேய்க்கு எதையும் தூக்குற சக்தி கிடையாதுன்னு சட்டம்!” ஊசி மேசையைத் தட்டினான். “பன்னெண்டு பீப்பாய் ரத்தம். நாலாவது கோபுரத்துல இருந்து எப்படிப் போச்சு?”

“அதான் சொல்றேனே. தூக்குறது வேற, உருட்டுறது வேற. இருபது வருஷமா மூட்டை அடிக்கிறோம், தூக்காம நகர்த்தத் தெரியாதா? எங்க பேய் சுவர் வழியா உள்ள போச்சு. தாழ்ப்பாளைத் தள்ளிச்சு. பீப்பாய்க்குக் காலால ஒரு உதை. சரிவுல அதுவா போயிடுச்சு.”

“பேய்க்கு ஏதுடா கால்?”

மலை ஒரு கணம் யோசித்தான். “தோளால இடிச்சோம்.”

மேசையைச் சுற்றி நின்ற இரண்டு கும்பல்களும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. மேஸ்திரியின் பார்வை அவர்கள் வாயில் இல்லை, இடுப்பில் இருந்தது. ஒவ்வொருவன் இடுப்பிலும் மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கி தொங்கியது. இரண்டு பேருடைய கை ஏற்கெனவே கொக்கிக்கு அருகில் போயிருந்தது.

மேஸ்திரி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். “சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது. பீப்பாய் விஷயம் நாளைக்கு.”

மாத முடிவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அந்தக் கிடங்கு யார்டில் சுமை இறக்குகிறவர்கள் இரண்டு கும்பல். முன்வாசல் கும்பலுக்கு மலை தலைவன். கதவை நிறைக்கிற உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். பின்வாசல் கும்பலுக்கு ஊசி. உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. நிழலில் நிற்கிற லாரி யாருக்கு, வெயிலில் நிற்கிற லாரி யாருக்கு என்பதில் ஆரம்பித்த தகராறு போன மாதம் கொக்கிச் சண்டையில் முடிந்தது. முன்வாசல் ஆள் ஒருவனுக்கு நெற்றியில் ஏழு தையல். கிழிந்த மூட்டைகளைத் தைக்கிற அக்கா அந்த நெற்றியை உற்றுப் பார்த்துவிட்டு, “நான் போட்டிருந்தா நாலுல முடிச்சிருப்பேன்” என்றாள். அவன் குணமானதும் வேறு வேலைக்குப் போய்விட்டான். அன்று முதல் பின்வாசலில் பத்துப் பேர், முன்வாசலில் ஒன்பது பேர்.

“எங்க பக்கம் ஒரு ஆள் குறையுது மேஸ்திரி” என்று மலை தினமும் சொல்வான்.

“பார்க்கலாம்” என்று மேஸ்திரியும் தினமும் சொல்வார்.

சண்டைக்கு மறுநாள் மேனேஜர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. “இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். சண்டையை யார் நிறுத்துறாங்களோ அவங்கதான் இங்க மேஸ்திரி. உன்னால முடியலைன்னா பழையபடி கொக்கியை எடுத்துக்கிட்டு மூட்டைக்குப் போயிடு.”

மேஸ்திரி இருபத்திரண்டு வருடம் மூட்டை சுமந்தவர். நான்கு வருடமாகத்தான் முதுகு நிமிர்ந்திருக்கிறது. அதுவும் காலையில் எழுந்தவுடன் நிமிராது, பல் விளக்கி முடிக்கிறபோதுதான் நிமிரும். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற வேலை என்ன வேலை என்று பார்க்கிறவர்கள் கேட்கலாம். சுமந்தவன் கேட்க மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுடைய விளையாட்டைப் பார்த்தார். கல்லூரித் தோழிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி சூனியக்காரி, ஒருத்தி பூதம். ஒருத்தி கதை சொன்னாள், மற்றவர்கள் பகடை போட்டார்கள். “உன் தலையை வெட்டிட்டேன்டி” என்றாள் ஒருத்தி. “வெட்டின தலை சிரிக்குதுடி” என்றாள் இன்னொருத்தி. மூன்று மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு நாலு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

இவ்வளவு சண்டை போட்டும் ஒரு மண்டை உடையவில்லையே என்று மேஸ்திரி ஆச்சரியப்பட்டார்.

“இதை எனக்குச் சொல்லிக்கொடும்மா” என்றார்.

மகள் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாள். இருபது முகம் கொண்ட பகடை ஒன்றையும் கொடுத்தாள். “ஒண்ணை மட்டும் மறக்காதீங்கப்பா. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். அது போச்சுன்னா விளையாட்டே போச்சு.”

மேஸ்திரி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் முதல் சட்டமாக எழுதினார்: இரண்டு பக்கமும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும்.

கீழே கையெழுத்தும் போட்டார். எதில் எழுதினாலும் கையெழுத்துப் போடுவது அவர் பழக்கம்.

அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, மூட்டைக்குக் குறி போடுகிற மையால் ஏழு கோபுரங்களோடு ஒரு பாழடைந்த கோட்டை வரைந்தார். கோட்டைக்கு இரண்டு கும்பல் போட்டி. ஒன்று பேய்கள். சுவரைத் துளைத்துப் போகலாம், ஆனால் எதையும் தூக்க முடியாது. இன்னொன்று காட்டேரிகள். எதையும் தூக்கலாம், ஆனால் வெயில் பட்டால் சாம்பல். கோபுரங்களில் அவற்றுக்கு உணவாக ரத்தப் பீப்பாய்கள்.

இதைச் சாப்பாட்டுக் கொட்டகையில் விளக்கியபோதே முதல் தகராறு வந்தது.

“எதையுமே தூக்க முடியாதா?” என்றான் மலை.

“முடியாது.”

“முதுகு?”

“பேய்க்கு உடம்பே கிடையாது. முதுகு எங்கிருந்து வரும்?”

பத்தொன்பது பேரும் பேயாக வேண்டும் என்றார்கள். மேஸ்திரி வெயில் விஷயத்தை மறுபடி விளக்க வேண்டியிருந்தது. காட்டேரி வெயிலில் வேலை செய்யவே கூடாது என்று புரிந்ததும் பின்வாசல்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, “சரி, நாங்க காட்டேரி” என்றார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து விளையாடுவது, மற்றவர்கள் பின்னால் நின்று கத்துவது. தையல் அக்காவின் தகர டப்பாவிலிருந்து வாங்கிய வெள்ளைப் பொத்தான்கள் பேய்கள். சோடா பாட்டிலின் சிவப்பு மூடிகள் காட்டேரிகள். நான்கு நாள் நன்றாகத்தான் நடந்தது. ஐந்தாம் நாள்தான் பீப்பாய் உருண்டது.

அன்று மேஸ்திரி வீட்டில் சாப்பிடும்போதும் நோட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

“காட்டேரிக்கு ஏதாவது கொடுங்கப்பா” என்றாள் மகள். “பேயைத் தடுக்கிற மாதிரி.”

“என்ன கொடுக்கலாம்?”

“உப்பு. உப்பால கோடு போட்டா பேய் தாண்டாது.”

“பேயும் காட்டேரியும் உங்க பேச்சைக் கேக்குது” என்றாள் மனைவி. “குளியலறைக் குழாய்தான் கேக்க மாட்டேங்குது. மூணு மாசமா சொட்டுது.”

மறுநாள் உப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஊசி சிவப்பு மூடிகளைச் சுற்றிக் கோடு போட்டான். பேய்கள் நின்றன. மேஸ்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அதற்கடுத்த நாள் காலை ஒரு லாரி பின்வாசலில் நின்றது. பின்வாசல்காரர்கள் வேறு லாரியில் இருந்ததால் மேஸ்திரி முன்வாசல் கும்பலை அனுப்பினார். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால் லாரியிலிருந்து ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. ஒன்பது பேரும் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காலடியில், சுவரிலிருந்து சுவர் வரை, ஒரு விரல் தடிமனுக்கு உப்பு.

கிடங்கில் உப்பு மூட்டைக்குப் பஞ்சமில்லை.

“என்னய்யா இது?”

“உப்பு மேஸ்திரி” என்றான் மலை.

“தாண்டிப் போங்கய்யா!”

“பேய் உப்பைத் தாண்டாது. நீங்கதானே சொன்னீங்க.”

“அது அட்டையில!”

“அட்டையில ஒரு பேச்சு, தரையில ஒரு பேச்சா? அவன் கோடு போட்டதை நீங்க கேக்கலை. நாங்க நின்னதை மட்டும் கேக்குறீங்க. ஏற்கெனவே எங்க பக்கம் ஒரு ஆள் குறையுது.”

தையல் அக்கா கையில் துடைப்பத்தோடு வந்தாள். தைக்கிற வேலையோடு சிந்தியதைக் கூட்டுகிற வேலையும் அவளுடையதுதான். யாரையும் பார்க்காமல் கோட்டின் நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கூட்டித் தள்ளினாள். “ஒவ்வொருத்தரா போங்க” என்றாள். பேய்கள் ஒவ்வொன்றாகப் போயின.

உப்புக்குப் பதில் பேய்களுக்கும் ஏதாவது தர வேண்டியதாயிற்று. மேஸ்திரி கண்ணாடி கொடுத்தார். பேய்கள் அதைத் தூக்காமல் திருப்பி வெயிலைக் காட்டேரி மேல் அடிக்கலாம். இதை எழுதும்போதே ஒருமுறை நிமிர்ந்து வெளியே வெயிலைப் பார்த்தார். ஆனால் சமம் என்றால் சமம்.

மறுநாள் பத்து மணிக்கு முன்வாசல் கூரை மேலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் பின்வாசல் கும்பல் மேல் விழுந்தது. பத்துப் பேரும் மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

“எழுந்திருங்கய்யா!”

“சாம்பல் எங்க எழுந்திருக்கும்?” என்றான் ஊசி, கண்ணைத் திறக்காமல்.

“எவ்வளவு நேரம் சாம்பல்?”

“அது நோட்டுல இல்லையே. பொழுது சாயுறவரைக்கும்னு வச்சுக்குவோம்.”

இதற்கிடையில் ஒரு லாரி டிரைவர், தன் வண்டியின் பக்கக் கண்ணாடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மேனேஜர் அறையை விசாரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஓடிப்போய் அவரைத் தடுத்து, கூரை மேலிருந்து கண்ணாடியை இறக்கி, தன் கையால் மாட்டிக் கொடுத்து அனுப்பினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அன்று மதியம் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: மேசையில் நடப்பது மேசையோடு. யார்டில் நடப்பது யார்டோடு. வாசித்தும் காட்டினார்.

“நல்ல சட்டம்” என்றான் மலை. “ஆனா எது மேசை, எது யார்டுன்னு தகராறு வந்தா யார் சொல்றது?”

“நான்தான்.”

“நீங்க அவனுங்களுக்கு உப்பு கொடுத்தவர்.”

“இவனுங்களுக்குக் கண்ணாடி கொடுத்தவர்” என்றான் ஊசி.

“பகடை உங்க பையிலதானே இருக்கு? உள்ள வச்சு என்ன பண்றீங்களோ” என்றான் மலை.

“அதானே” என்றான் ஊசி.

இருவரும் திகைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த யார்டில் இரண்டு கும்பலும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்: மேஸ்திரி நேர்மையானவர் இல்லை.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்து, மூலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் நீட்டினார். “நீ வச்சுக்க. நீயே போடு. நீ பேயும் இல்ல, காட்டேரியும் இல்ல.”

“எனக்கு எதுக்கு மேஸ்திரி இந்த வம்பு? அறுபது மூட்டை கிழிஞ்சு கிடக்கு.”

“ஒரு கையால தைச்சுக்கிட்டு ஒரு கையால போடு.”

அவள் பகடையை வாங்கி ஊசிகள் இருந்த தகர டப்பாவுக்குள் போட்டுக்கொண்டாள். அவள் கையைச் சந்தேகப்பட இரண்டு கும்பலிலும் ஒருவனும் இல்லை. எல்லோருடைய சட்டையையும் என்றைக்காவது ஒரு நாள் தைத்துக் கொடுத்தவள்.

இரண்டு நாள் அமைதி. பிறகு நோட்டில் தகராறு வந்தது. ஐந்தாவது சட்டத்தை மேஸ்திரி அடித்துவிட்டு மாற்றி எழுதியிருந்தார்.

“நீங்களே எழுதுவீங்க, நீங்களே அடிப்பீங்க. அப்புறம் சட்டம் எதுக்கு?” என்று இரண்டு கும்பலும் கேட்டன.

நோட்டும் அக்காவிடம் போனது. அவளுடைய கையெழுத்து மேஸ்திரி கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அடித்தல் திருத்தலே இல்லை. எழுதுவதற்கு மேசை பக்கத்தில் உட்கார வேண்டுமே என்று, அந்தக் கொட்டகையில் சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியான மேஸ்திரியின் நாற்காலியை அவளுக்குப் போட்டார்கள். மேஸ்திரி கவிழ்த்து வைத்த ஒரு டின்னில் உட்கார்ந்தார். இடுப்புக்கு அது ஒருவகையில் நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்து, செத்த பொத்தான்களையும் மூடிகளையும் எப்போது திரும்ப எடுக்கலாம் என்று கேள்வி வந்தது. மேஸ்திரி யோசித்துக் கோட்டைக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம் வரைந்தார். அதற்குக் காவலாளி அக்கா. அவள் விட்டால்தான் யாரும் திரும்ப வர முடியும்.

“கெட்ட வார்த்தை பேசினவன் பொத்தான் ரெண்டு நாள் கிடக்கும்” என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு.

“அது சட்டத்துல இல்லையே அக்கா” என்றான் ஊசி.

“இப்ப எழுதிட்டேன்.”

ஊசி வாயைத் திறந்தான், மூடினான். பத்து வருடத்தில் மேஸ்திரி அந்த வாய் தானாக மூடிப் பார்த்ததில்லை.

பத்து நாள் பாக்கி இருந்தபோது, காலையில் இரண்டு லாரி ஒன்றாக வந்தன. ஒன்று நிழலில், ஒன்று வெயிலில். போன மாதம் நெற்றி கிழிந்ததும் இப்படி ஒரு காலையில்தான். மேஸ்திரி உத்தரவு போட வாயைத் திறப்பதற்குள் மலை சொன்னான்: “அக்காகிட்ட கேளுங்கப்பா.”

அக்கா வலது கையால் கோணியைக் குத்திக்கொண்டே இடது கையால் பகடையை உருட்டினாள். “பின்வாசலுக்கு இன்னிக்கு நிழல். முன்வாசலுக்கு நாளைக்கு. எழுதியாச்சு.”

எல்லோரும் போய் வேலையைப் பார்த்தார்கள்.

மேஸ்திரி திறந்த வாயை மூடிக்கொண்டார். மனசுக்குள் ஒரு பூரிப்பு. திட்டம் பலித்துவிட்டது. தான் வாயைத் திறக்காமலே யார்டு நடக்கிறது. கெட்டிக்கார மேஸ்திரிக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

கடைசியாக மிஞ்சியது விசில். ஆட்டம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை அவர்தான் ஊதிச் சொல்வார். ஒருநாள் பேய்கள் ஆறாவது கோபுரத்தின் வாசலில் நின்றபோது ஊதிவிட்டார்.

“ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஊதிட்டீங்க!” என்றான் மலை.

“நேத்து நாங்க ஜெயிக்கும்போதும் இப்படித்தான்” என்றான் ஊசி. “விசிலையும் அக்காகிட்ட கொடுத்துடுங்க மேஸ்திரி, வம்பே இல்ல.”

“அதுக்கு எதுக்குய்யா விசிலு” என்று மேஸ்திரி கொஞ்சம் தயங்கினார். ஆனால் ஏழு நாள்தான் பாக்கி. ஏழு நாளைக்கு ஒரு விசில் பெரிதா? கழற்றிக் கொடுத்தார். அக்கா வாய் வைக்கிற இடத்தைச் சேலைத் தலைப்பால் இரண்டு தடவை துடைத்துவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள்: “கழுத்துல விசில் எங்க?”

“கொடுத்து வச்சிருக்கேன்.”

“திருப்பி வாங்கிட்டுத்தானே வருவீங்க?”

“ஊதுறது யாரா இருந்தா என்னடி? சத்தம் ஒண்ணுதானே.”

மகள் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். “அப்பா, இப்ப அந்த விளையாட்டுல நீங்க யாரு?”

“நானா? நான்தான் எல்லாத்தையும் நடத்துறேன்.”

“பகடை?”

“அக்காகிட்ட.”

“நோட்டு?”

“அதுவும் அக்காகிட்ட.”

“அப்ப எதை வச்சு நடத்துறீங்க?”

“மூளையை வச்சு” என்றார் மேஸ்திரி. குளியலறையில் குழாய் சொட்டியது.

மாதத்தின் கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். வேண்டுமென்றுதான் அந்த நேரத்தில் வந்திருப்பார். மேஸ்திரி டின்னிலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் இடுப்பு ஒரு குரல் கொடுத்தது.

ஆட்டம் உச்சத்தில் இருந்தது. பேய்களுக்கு மூன்று கோபுரம், காட்டேரிகளுக்கு மூன்று கோபுரம். ஏழாவது கோபுரத்தின் படியில் ஒரு பொத்தானும் ஒரு மூடியும். கிட்டத்தட்ட ஒரு மாதம் கூட்டிக் கழித்து மேஸ்திரி உண்டாக்கிய சமம் அது. ஒரு குண்டூசி முனைகூட அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாயவில்லை. அதனால்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

“முதல்ல ஏறினது எங்க பேய்!”

“உன் பேய் என் மூடி மேல உக்காந்திருக்கு, எடுடா!”

“எடுக்க முடியாது. பேய்தான் எதையும் தூக்காதே.”

ஊசி பொத்தானைச் சுண்டி எறிந்தான். மலை எழுந்தான். மேசை சாய்ந்தது. டப்பாக்கள் உருண்டன. மலையின் கை கொக்கிக்குப் போனது. ஊசியின் கையில் கொக்கி ஏற்கெனவே இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். சண்டைக்கு இடம் விடுகிற அந்த ஓர் அடியை மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும்.

மேஸ்திரியின் கை தானாக நெஞ்சுக்குப் போய் விசிலைத் தேடியது. சட்டைப் பொத்தான்தான் அகப்பட்டது. கத்த வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடம் சுமந்த மூட்டைகள் எல்லாம் ஒன்றாக வந்து முதுகில் ஏறியது போல் இருந்தது.

அப்போது விசில் ஒலித்தது.

நீளமாக இல்லை. ஒரே ஊதல், அதட்டுகிற மாதிரி. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

“ரெண்டு பேரும் கல்லறைக்குப் போங்க.”

“அக்கா, அவன்தான்…”

“பேசினா நாளைக்கும் அங்கதான்.”

கொட்டகை மூலையில் காலிக் கோணிகள் குவிந்து கிடந்தன. மலை போய் ஒரு குவியலில் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஊசி உட்கார்ந்தான். கொக்கி இரண்டையும் அக்கா வாங்கித் தகர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து மலை, “தள்ளி உக்காருடா, எனக்கு இடம் பத்தலை” என்றான். ஊசி தள்ளி உட்கார்ந்தான். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கல்லறையில் இருந்த இருவரும்கூட.

மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். “பார்த்தீங்களா சார்? மாசம் பூரா ஒரு அடிதடி இல்ல. லாரி ஒண்ணுகூடத் தேங்கலை.” உப்பு, கண்ணாடி நாட்களை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“பார்த்தேன்.” மேனேஜர் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பத்து நாளா மாடி ஜன்னல்ல இருந்தும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லா நடக்குது. இந்த விளையாட்டு உன் ஏற்பாடாமே?”

“ஆமா சார். எல்லாம் என் ஏற்பாடுதான்.”

“நான் மாசத் தொடக்கத்துல ஒரு வார்த்தை சொன்னேன், ஞாபகம் இருக்கா?”

“சண்டையை யார் நிறுத்துறாங்களோ அவங்கதான் மேஸ்திரின்னு சொன்னீங்க சார்.”

“அந்த வார்த்தையில மாத்தம் இல்ல” என்று சொல்லி மேனேஜர் மேஸ்திரியின் தோளில் தட்டினார். தட்டியதோடு விடாமல், மூட்டை வாங்குகிறவன் தரம் பார்ப்பது போல் ஒருமுறை அழுத்தியும் பார்த்தார்.

மேஸ்திரி அன்று வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினார். மூன்று மாதச் சொட்டல் நின்றது. மனைவி எட்டிப் பார்த்து, “இன்னிக்கு என்ன, பதவி உயர்வா?” என்றாள்.

“உயர்வு என்னடி, நிலைச்சதே பெரிசு” என்றார்.

மறுநாள் புது மாதம். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கால்மணி நேரம் முன்னதாகவே யார்டுக்குப் போனார். மூன்று லாரி நின்றன. ஆச்சரியமாக இரண்டு கும்பலும் ஏற்கெனவே வந்திருந்தன. வரிசையாகவும் நின்றன. தையல் அக்கா நாற்காலியைக் கொட்டகை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள். தைக்க வேண்டிய மூட்டைகள் பக்கத்தில் இல்லை.

மேஸ்திரி சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். “மாசம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. விசிலைக் கொடு, ஊதிடலாம். மணி ஆச்சு.”

அக்கா அவர் நீட்டிய கையைப் பார்த்தாள். மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தகர டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து, சாணை பிடித்துத் துடைத்து வைத்திருந்த கொக்கி ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

“மேனேஜர் காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போயிட்டாருண்ணே, ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு முதல் பக்கத்துல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பேய்ப் பக்கம் ஒரு ஆள் குறையுது, போய் நில்லுங்க.”